பித்தளைச் சாவி

ஜூன் 3, செவ்வாய்

இன்றிலிருந்து எழுதப் போகிறேன். இந்த விடுதியில் எனக்குத் தெரியாமல் ஏதோ நடக்கிறது. நாளைக்கு யாராவது கேட்டால், வாயால் சொன்னது நிற்காது, தேதி போட்டு எழுதியது நிற்கும்.

பாளையங்கோட்டையில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி இது. ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. நான், பிரம்மநாயகி, இங்கே வார்டன். வீட்டுக்காரர் காலமான பிறகு இதுதான் எனக்கு வேலை, இதுதான் வீடு. வாசல் கேட், ஸ்டோர் ரூம், மொட்டைமாடி, பீரோ எல்லாச் சாவியும் ஒரே கொத்தாக என் இடுப்பில் இருக்கும். குளிக்கப் போனாலும் கூடவே வரும். உள்ளே தாழ்ப்பாள் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரைத் திறப்பேன்.

சாயங்காலம் ஆபீஸ் அறையில் காபி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெருங்காயம் கருகும் வாசம் குப்பென்று வந்தது. சமையல்கட்டைப் பார்த்து, “ஏட்டி செல்லக்கனி, அடுப்பைப் பாரு” என்று குரல் கொடுத்தேன். அடுத்து நிமிர்ந்தால் செல்லக்கனி என் முன்னால் நிற்கிறாள். காபி ஆறி ஆடை படிந்திருக்கிறது. சாவிக்கொத்து இடுப்பில் இல்லை. என் வலது கைக்குள் இருக்கிறது. உள்ளங்கையில் சாவிப் பல் பதிந்து சிவந்திருக்கிறது. நான் அதை எடுக்கவே இல்லை.

செல்லக்கனி சமையலுக்கும் மேல் வேலைக்கும் இருக்கிறவள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள், பின்கட்டில் தங்கியிருக்கிறாள். என்ன நிற்கிறாய் என்றேன். கூப்பிட்டீர்கள், வந்தேன் என்றாள். இன்றைக்குச் சமையலில் பெருங்காயமே போடவில்லையாம். அப்படியானால் கருகியது என் மூக்கா?

ஜூன் 5, வியாழன்

கடையநல்லூரிலிருந்து ஒரு தாயும் மகளும் இடம் கேட்டு வந்தார்கள். பெண்ணுக்கு ஜவுளிக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது. நல்ல அடக்கமான பெண். பேர் எழுதப் பேனாவை எடுத்த பிறகு அந்த அம்மா, “இவளுக்கு வலிப்பு உண்டும்மா. மாத்திரை போட்டா வராது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்னு சொல்லுதேன்” என்றாள்.

பேனாவை மூடிவிட்டேன். இது ஆஸ்பத்திரி இல்லை என்று சொல்லி அனுப்பிவைத்தேன். உண்மையைச் சொன்னதற்காக அந்த அம்மாவைப் பாராட்டவும் செய்தேன். அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

தண்ணீர் கொண்டுவந்த செல்லக்கனி, வந்தவர்கள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, அந்தப் பிள்ளையை வைத்திருக்கலாமே என்றாள். மாடிப்படியில் விழுந்து மண்டை உடைந்தால் நீ பதில் சொல்வாயா, அந்த மாதிரி ஆளுக்கு இங்கே இடம் கிடையாது, அது யாராக இருந்தாலும் சரி என்றேன். அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்த்த பார்வை சரியில்லை.

ஜூன் 7, சனி

குளித்துவிட்டு வெளியே வந்தால் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். நேற்றும் அங்கேதான். பின்கட்டில் அவ்வளவு இடம் கிடக்க, என் குளியலறை வாசலில்தான் கீரை ஆய வேண்டுமா? கேட்டால் இங்கேதான் காற்று வருகிறதாம். நான் நின்று பார்த்தேன். ஓர் இலை ஆடவில்லை.

ஜூன் 9, திங்கள்

மாடியில் இருக்கும் பெனினாவுக்கு இன்று பிறந்தநாள். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறாள். கேக் கொண்டுவந்தாள். இது சைவ விடுதி. நான் பிறந்ததிலிருந்து முட்டை பட்ட பாத்திரத்தைக்கூடத் தொட்டதில்லை. முட்டை போடாத கேக்தான் என்று அவள் அடித்துச் சொன்ன பிறகே சாப்பாட்டு அறைக்குள் விட்டேன். மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். மறுபடியும் கருகல் வாசம். பிறகு பார்த்தால் எல்லாரும் தின்று முடித்துத் தட்டைக் கழுவப் போட்டுவிட்டார்கள். எனக்கென்று ஒரு துண்டு வைக்கவில்லை. வேண்டாம்தான், ஆனால் வைத்திருக்கலாம்.

சாவிக்கொத்து மறுபடியும் கைக்குள்.

ஜூன் 11, புதன்

சாப்பாட்டு அறையில் ஒருத்தி வெறும் வாயை மென்று காட்டுகிறாள். கண்ணை எங்கோ நிறுத்தி, மாடு அசை போடுவது போல. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் உள்ளே போனதும் கப்சிப். யாரைக் கிண்டல் செய்தார்கள் என்று தெரியவில்லை. செல்லக்கனி கரண்டியோடு வந்து அவர்களை ஒரு முறை முறைத்தாள். அவளும் இதில் சேர்த்தி.

ஜூன் 12, வியாழன்

ஒரு யோசனை செய்தேன். சாவிக்கொத்தைச் சிவப்பு நூலால் இடுப்புக் கயிற்றோடு சேர்த்து முடிச்சுப் போட்டேன். நானாக எடுத்தால் முடிச்சை அவிழ்ப்பேன். வேறு ஆள் எடுத்தால் அறுப்பார்கள்.

மத்தியானம் நூல் அறுந்து கிடந்தது. சாவி கையில். பக்கத்தில் செல்லக்கனி. முந்தானையால் என் வாயைத் துடைக்க வந்தாள். தட்டிவிட்டேன்.

எனக்கு இப்போது விளங்குகிறது. நான் கண்ணசரும் நேரம் பார்த்துச் சாவியை எடுத்து, சோப்பில் அச்சு எடுக்கிறாள். எடுத்துவிட்டு, சந்தேகம் வராமல் இருக்க என் கையிலேயே வைத்துவிடுகிறாள். காபியில் தூக்கம் வர ஏதாவது கலக்கிறாளா தெரியவில்லை. இனிமேல் காபி நானே போட்டுக்கொள்வேன்.

ஜூன் 14, சனி

அரிசி மூட்டை வந்து இறங்கியது. நல்லெண்ணெய் நாளைக்குத்தான் வரும் என்று கடைக்காரர் போன்

இதற்கு மேலே உள்ள வரியைப் பாதியில் யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். “போன்” என்ற சொல்லிலிருந்து ஒரு கோடு பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டு போய் மேசை விரிப்பிலும் ஏறியிருக்கிறது. நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே என் பேனாவைப் பிடுங்கிக் கிறுக்கும் அளவுக்கு இங்கே துணிச்சல் வந்துவிட்டது. டைரியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிறேன்.

தலை கனக்கிறது. தெருமுனை டாக்டரிடம் காட்டினேன். வயசு அப்படி என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஜூன் 17, செவ்வாய்

எல்லாப் பூட்டையும் மாற்றிவிட்டேன். புதுப் பூட்டுக்கெல்லாம் பித்தளைச் சாவி. பளபளவென்று இருக்கிறது. அவள் எடுத்த அச்சையெல்லாம் இனிமேல் உப்புப் போட்டு ஊறவைக்கட்டும்.

கொத்தை இடுப்பில் செருகும்போது செல்லக்கனி எட்டிப் பார்த்தாள். ஒரு சாவியை விரலால் தட்டிப் பார்த்தாள்.

“இதுல இரும்பு ஒண்ணுகூட இல்லையாக்கா?” என்றாள்.

“உனக்கு எதுக்கு இரும்பு?”

“சும்மா கேட்டேன்.”

சும்மா யாராவது இப்படிக் கேட்பார்களா? முகம் வாடிப்போனதை நான் பார்த்தேன். குறி தப்பாமல் பட்டிருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

சமையல்கட்டில் நின்று ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். வாசம் வந்தது. அடுத்து, தோசைத்திருப்பி என் கையில் இருக்கிறது. ரசத்துக்கு எதற்குத் தோசைத்திருப்பி? என் விரல்களைச் சுற்றிச் செல்லக்கனியின் விரல்கள், இறுக்கமாக. விடுடி என்றேன். விட்டாள். அவள் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. தப்பு செய்கிறவளுக்குத்தான் அப்படி வேர்க்கும்.

ஜூன் 24, செவ்வாய்

அகப்பட்டாள்.

சேலையை இழுத்துச் செருகும்போது அவள் இடுப்பிலிருந்து ஒன்று தரையில் விழுந்தது. விரல் நீளத்துக்குப் பெரிய இரும்பு ஆணி. முனை மழுங்கத் தேய்த்திருக்கிறாள். பூட்டை நெம்புவதற்கு இதைவிட நல்ல சாமான் கடையில் கிடைக்காது. எதற்கு இது என்றேன். கும்பிட்டுக் கேட்கிறேன், அதை மட்டும் கேட்காதீர்கள் என்றாள். ஆணியைப் பிடுங்கிக் காகிதத்தில் சுற்றி வைத்தேன். டிரஸ்ட் செயலாளர் நெல்லையப்பன் சாருக்குப் போன் செய்தேன்.

ஜூன் 26, வியாழன்

விசாரணை. நெல்லையப்பன் சார் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து ஆணியை உருட்டி உருட்டிப் பார்த்தார். சாவி கை மாறியது, நூல் அறுந்தது, கிறுக்கியது எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவர் செல்லக்கனியிடம் எதற்கு ஆணி என்று நிதானமாகத்தான் கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். வேலை போய்விடும் என்றார். சரி என்றாள். போலீசுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டபோதுதான் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள், அவரை இல்லை, என்னை. அப்புறம் மறுபடியும் தரை. ஸ்டோரில் சாமான் எதுவும் குறையவில்லை என்பதால் போலீஸ் வேண்டாம் என்று முடிவானது. பூட்டு மாற்றிய செலவை அவள் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு, இன்றைக்கே காலி செய்யச் சொல்லிவிட்டார்.

பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள்.

“அடுப்புப் பக்கம் தனியா நிக்காதீங்க. மாடிப்படி ஏறும்போது யாரையாவது கூட்டிக்கோங்க” என்றாள்.

மிரட்டிவிட்டுப் போகிறாள். அத்தனை பெண்களும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். பெனினாவிடம், கேட்டாயா என்றேன். அவள் கேட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் 30, திங்கள்

புதுச் சமையல்காரிக்குச் சாம்பாருக்கும் குழம்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. குளியலறை வாசல் காலியாக இருக்கிறது. நிம்மதி.

ஜூலை 5, சனி

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது போல் இருக்கிறது.

வியாழக்கிழமை பால் காய்ச்சினேன். வாசம் வந்தது. கண் விழித்தால் ஆஸ்பத்திரி. வலது கை முழங்கைவரை வெந்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். பெனினாதான் ஆட்டோவில் கொண்டுவந்தாளாம். எப்படிச் சுட்டது என்று டாக்டர் கேட்டார். தெரியவில்லை என்றேன். பால் கொதித்துக் கையில் ஊற்றினால் தெரியாமல் எப்படி இருக்கும் என்றார். எனக்கும் அதுதான் கேள்வி.

அடுப்புப் பக்கம் நிற்காதே என்றாள். நின்றேன். வெந்தது. அவள் போகும்போது ஏதோ செய்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். படித்தவள் இப்படி எழுதக் கூடாது. ஆனாலும் எழுதுகிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

கைக்குக் கட்டுப் போட்டவர்கள் நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள். கைக்கும் நரம்புக்கும் என்ன என்று புரியாமல் போனேன். பெனினா லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். டாக்டர் பெயர் ஹமீதா. என் கையை அவர் பார்க்கவே இல்லை. கேள்வி மேல் கேள்வி. நினைவு தப்புகிறதா? இல்லாத வாசம் வருகிறதா? வந்த பிறகு களைப்பாக இருக்கிறதா? வாசத்தைப் பற்றி நான் எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை. இவருக்கு எப்படித் தெரியும்? பெனினாவைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

கடைசியில் டாக்டர் அந்தச் சொல்லைச் சொன்னார். இருக்கலாம் என்றுதான் சொன்னார். உறுதியாகச் சொல்லவில்லை. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

ஜூலை 10, வியாழன்

மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் சோதனை. எண்ணெய் வைக்காமல் தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொன்னார்கள். பசை போட்டுத் தலை முழுக்க வயர் ஒட்டினார்கள். கண்ணை மூடு, திற, மூச்சை இழுத்து விடு, விளக்கைப் பார். காகிதத்தில் கோடு கோடாக ஓடியது. ஒன்றுமில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்! வரும் வழியில் இருட்டுக்கடைப் பக்கம் ஆட்டோவை விடச் சொல்லி எல்லாருக்கும் அல்வா வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 11, வெள்ளி

காகிதத்தை டாக்டரிடம் நீட்டினேன். அவர் மகிழ்ச்சியடையவில்லை.

“இது நீங்க வந்து உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தைத்தான் சொல்லுதும்மா. அந்த நேரத்துல வரலை, அவ்வளவுதான். வரும்போது பார்த்தவங்க யாராவது இருக்காங்களா? இந்த நோயை மெஷினைவிடப் பார்த்தவங்க கண்ணுதான் பிடிக்கும்.”

யாரும் பார்க்கவில்லை, அப்படி ஒன்று இருந்தால்தானே பார்ப்பதற்கு என்றேன். பெனினா போனை எடுத்தாள். அவள் பிறந்தநாளுக்கு எடுத்த வீடியோவாம்.

நான் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். கேக் வெட்டுகிறார்கள். பின்னால் சுவரோரம் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நான்தான். ஒருத்தி கேக் துண்டைக் கொண்டுவந்து கையில் கொடுக்கிறாள். அந்தக் கை வாங்கவில்லை. துண்டு மடியில் விழுகிறது. கண் திறந்திருக்கிறது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. வாய் வெறுமனே மெல்லுகிறது. செல்லக்கனி ஓடி வருகிறாள். என் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, என் கைக்குள் வைத்து, விரலை ஒவ்வொன்றாக மடக்குகிறாள். பிறகு பெண்கள் யாரும் என்னைப் பார்க்காதபடி எனக்கு முன்னால் வந்து நின்றுகொள்கிறாள். கடைசிவரை அவள் முதுகுதான் தெரிகிறது.

இந்தக் காலத்தில் போனில் இல்லாததையும் இருப்பது போல் வரைந்துவிடுகிறார்களாமே என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. பெனினாவும் சிரிக்கவில்லை. ஏன் என்னிடம் அப்போதே சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். செல்லக்கனி அக்கா சத்தியம் வாங்கிவிட்டாள் என்றாள்.

டாக்டருக்கு இது போதாதாம். எப்படி ஆரம்பிக்கிறது, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, முடிந்த பிறகு பேச்சு வர எவ்வளவு நேரமாகிறது, எல்லாம் தெரிய வேண்டுமாம். என் முகத்தைத்தான் அவள் மறைத்துவிட்டாளே.

“இந்த முதுகுக்குச் சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வாங்க” என்றார்.

ஜூலை 12, சனி

போகவில்லை. கை வலி.

ஜூலை 13, ஞாயிறு

போனேன். சுத்தமல்லியில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். என் கைக்கட்டைப் பார்த்ததும் சுற்றுவதை நிறுத்தினாள். உட்காருங்கள் என்றாள். அடுப்பா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் அண்ணன் பெண்டாட்டி மோர் கொண்டுவந்து வைத்தாள்.

வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்டில் யாராவது விழுந்தால் நாலு பேர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். அது என் கைக்கே வரும் என்று மட்டும் தோன்றவில்லை. நான் பித்தளைக்கு மாற்றியதும், இவள் போய் ஆணி வாங்கி, எனக்குக் குத்தக் கூடாது என்று முனையை மழுக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். வேறு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

“சொன்னா உங்களை அனுப்பிருவாங்கல்லா? கடையநல்லூர்ப் பிள்ளைய நீங்க அனுப்பினீங்கள்ளா, அது மாதிரி. எனக்கு அண்ணன் வீடு இருக்கு. உங்களுக்கு யாரு இருக்கா?”

மோரைக் குடித்தேன். புளித்திருந்தது. டாக்டரிடம் வருவாயா என்றேன். வருகிறேன் என்றாள். அப்படியே விடுதிக்கும் வந்துவிடேன் என்றேன். அப்போதுதான் அவள் முகம் மாறியது.

“டாக்டர்ட்ட வாரேன். அது உங்க உசிரு. விடுதிக்கு வரணும்னா, அந்த ஆணி எதுக்குன்னு நீங்க எல்லார் முன்னாலயும் சொல்லணும். கள்ளின்னு பேர் வாங்கிட்டு வந்து இந்த வீட்டுல சோறு திங்கேன்க்கா.”

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். சொன்னால் அவளுக்குப் பேர் வரும், எனக்கு இடம் போகும். எனக்குத் தெரியாமலே அவள் ஆரம்பத்திலிருந்து இதற்குத்தான் காய் நகர்த்தியிருப்பாளோ? இப்படி நினைக்கிற புத்தியை எதைப் போட்டுக் கழுவுவது என்று தெரியவில்லை.

ஜூலை 16, புதன்

செல்லக்கனி சொன்ன நேரத்துக்கு வந்து டாக்டர் அறை வாசலில் நின்றாள். உள்ளே போனதும் கேள்வி எல்லாம் அவளுக்குத்தான். நான் சும்மா உட்கார்ந்து, என்னைப் பற்றி வேற்று ஆளைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதலில் மூக்கைச் சுளிப்பேனாம். கருகுது கருகுது என்பேனாம். கண் குத்திட்டு நிற்குமாம். வாய் மெல்லுமாம். இடது கை விறைத்துக்கொள்ளும், வலது கை சேலையைத் தடவிக்கொண்டே இருக்கும். முடிந்த பிறகு கொஞ்ச நேரம் அவளையே வேறு என்னவோ பேர் சொல்லிக் கூப்பிடுவேனாம். முதல் தடவை கண்டது போன பொங்கலுக்கு முன்னால் என்றாள். நான் ஜூன் மாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரும்பு கொடுத்ததும் நின்றுவிடும் என்றும் பெருமையாகச் சொன்னாள். டாக்டர் அவளைக் கோபிக்கவில்லை.

“அது தானாவே ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல நிக்கும்மா. நீங்க சாவியைத் தேடி எடுத்துக் குடுக்கற நேரத்துல அதுவே முடிஞ்சிருக்கும். சாவி நிறுத்தினதா நாம நினைச்சுக்கிடுதோம். ஆனா நீங்க பக்கத்துல நின்னீங்க பாருங்க, அதுதான் வைத்தியம்.”

இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று டாக்டர் கேட்டார். தன் தம்பிக்கு உண்டு என்றாள். இப்போது எப்படி இருக்கிறான் என்றார். கிணற்றில் குளிக்கப் போனவன், கூட ஆள் இல்லை என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அந்தக் கீரை ஞாபகம் வந்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் வலது பக்கம் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. எப்போதோ வயிற்றுக்குள் போன நாடாப்புழு முட்டை மூளைக்கு ஏறி, செத்து, சுண்ணாம்பாகிக் காய்ந்து கிடக்கிறதாம். என்ன புழு என்றேன். பன்றியில் இருக்கும் புழு என்றார். எழுந்துவிட்டேன். நான் யார், என் வீடு எப்படிப்பட்ட வீடு என்று ஆரம்பித்தேன். டாக்டர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். கறி தின்கிறவர்களுக்கு மட்டும் வருவதில்லையாம். புழு இருக்கிற ஆள் சரியாகக் கை கழுவாமல் சமைத்தாலோ, அசுத்தமான தண்ணீர் பாய்ந்த காயைப் பச்சையாகத் தின்றாலோ போதுமாம். எத்தனை கல்யாணப் பந்தியில் கோஸும் கேரட்டும் போட்ட பச்சடி தின்றிருக்கிறேன். எந்தப் பந்தி என்று இப்போது யாரைப் பிடித்து விசாரிப்பது?

அது செத்த புழு, அதற்கு மருந்து வேண்டாம், வலிப்புக்குத்தான் மாத்திரை என்றார். காலையும் மாலையும், ஒரு வேளைகூட விடக் கூடாது. நன்றாக இருக்கிறது என்று நானாக நிறுத்தக் கூடாது. இந்த மாத்திரை சிலருக்கு எரிச்சலைக் கிளப்பும், சிடுசிடுப்பு வந்தால் உடனே சொல்லுங்கள் என்றார். செல்லக்கனி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். பெனினாவின் தோள் குலுங்கியது. நான் பார்க்காதது போல் இருந்தேன்.

இன்னும் சில. அடுப்புப் பக்கம் தனியாகக் கூடாது. மொட்டைமாடிக் கட்டைச்சுவரில் உட்காரக் கூடாது. கடைசியாக, “குளிக்கும்போது உள்ளே தாழ்ப்பாள் போடாதீங்க.”

மற்ற எதற்கும் நான் வாய் திறக்கவில்லை. இதற்கு மட்டும், அது முடியாது என்றேன்.

ஜூலை 17, வியாழன்

வலிப்பு. எழுதிப் பார்த்தேன். நாலே எழுத்து.

ஜூலை 19, சனி

நெல்லையப்பன் சாரை வரச் சொன்னேன். எல்லாப் பெண்களையும் சாப்பாட்டு அறையில் உட்காரவைத்தேன். செல்லக்கனி கதவோரம் நின்றாள். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. கேட் மூடும் நேரத்தை அறிவிக்கிற மாதிரியே சொன்னேன், எனக்கு அப்படித்தான் பேச வரும்.

“எனக்கு வலிப்பு இருக்கு. மாத்திரை சாப்பிடுதேன். வந்தா யாரும் சாவியைத் தேட வேண்டாம், வாயில எதையும் திணிக்க வேண்டாம். விழுந்து வெட்டி இழுத்தா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். கூட நிக்கணும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா ஆம்புலன்சைக் கூப்பிடணும். செல்லக்கனி இடுப்புல இருந்த ஆணி எனக்காக வச்சிருந்தது. அவ எதையும் எடுக்கலை. நான்தான் அவளைக் கள்ளியாக்கினேன்.”

அன்றைக்கு வாயை மென்று காட்டிய பெண் அழுதுவிட்டாள். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னேன்.

நெல்லையப்பன் சார் டாக்டர் கொடுத்த கடிதத்தை இரண்டு முறை படித்தார். கமிட்டியில் வைத்துத்தான் முடிவு சொல்ல முடியும், அதுவரைக்கும் மாத்திரை சாப்பிட்டு எப்படி இருக்கிறது என்று பார்ப்போம் என்றார். கமிட்டியில் என்ன சொல்வார்களோ தெரியாது. கடையநல்லூர்ப் பெண்ணுக்கு நான் சொன்னதையே எனக்கும் சொல்லலாம். செல்லக்கனியின் சம்பளத்தில் பிடித்ததைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அவளிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். அவள் உடனே சமையல்கட்டுக்குள் போய், புதுச் சமையல்காரி பருப்புச் சட்டியை எப்படிக் கழுவியிருக்கிறாள் பாருங்கள் என்று ஆரம்பித்துவிட்டாள்.

அந்த ஆணியைக் காகிதத்தைப் பிரித்து அவளிடமே கொடுத்தேன். டாக்டர்தான் அதில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாரே என்றேன். இருக்கட்டும் என்று இடுப்பில் செருகிக்கொண்டாள். இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். டாக்டரை நான் முழுசாக நம்பிவிடவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

கடையநல்லூர் அம்மாவுக்குப் போன் செய்தேன். மகளுக்கு வேறு இடம் கிடைத்துவிட்டதாம். அங்கே மாத்திரை விஷயத்தைச் சொல்லவில்லையாம். சொல்லிவிடுங்கள் என்று சொல்ல வாய் எடுத்து, சொல்ல முடியாமல், என்ன மாத்திரை என்று மட்டும் கேட்டேன். நான் சாப்பிடுகிற அதே மாத்திரைதான்.

ஜூலை 28, திங்கள்

கட்டுப் பிரித்துவிட்டார்கள். வலது கையால் எழுதுகிறேன். தோல் இளஞ்சிவப்பாக, வேறு யாருடைய கையோ போல் இருக்கிறது. மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து வாசம் வரவில்லை. வரவில்லை என்று செல்லக்கனியும் சொல்கிறாள். என் வார்த்தையைவிட அவள் வார்த்தைக்குத்தான் டாக்டரிடம் மதிப்பு.

இத்தனை நாளும் கைக்கட்டைச் சாக்கு வைத்து வாளியில் தண்ணீர் வைத்துத் துடைத்துக்கொண்டேன். இன்று அந்தச் சாக்கு இல்லை. குளியலறைக்குள் போனேன். கை பழக்கத்தில் தாழ்ப்பாளுக்குப் போனது. அதைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். பிறகு கதவைக் கொஞ்சம் திறந்து, சாவிக்கொத்தை வெளியே நீட்டினேன். செல்லக்கனி எதற்கு என்று கேட்காமல் வாங்கிக்கொண்டாள்.

கதவைச் சும்மா சாத்தினேன். தண்ணீரைத் திறந்தேன். முதல் செம்பு ஊற்றுவதற்குள் பயம் வந்துவிட்டது.

“ஏட்டி, இருக்கியா?”

“இருக்கேன்க்கா. கீரை ஆஞ்சுக்கிட்டிருக்கேன்.”

தலைக்கு ஊற்றினேன்.